கதவு சாத்தியும் அணையாத விளக்கு: லோடு வண்டி வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு

கதவை நன்றாக இழுத்துச் சாத்தியாயிற்று. ஆனாலும் மீட்டர் போர்டில் அந்தச் சிவப்பு விளக்கு அணையவில்லை. இரண்டு பக்கமும் கதவு விரிந்து நிற்கும் வண்டியை மேலே இருந்து பார்த்தால் எப்படி இருக்குமோ, அப்படி ஒரு சின்னப் படம். சில வண்டிகளில் கூடவே பஸ்ஸரும் அடிக்கும். திருநெல்வேலியில் லோடு ஏற்றிக் கோயம்பேடு போய்ச் சேர 600 கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட வேண்டும். வழி முழுக்க அதைப் பார்த்துக்கொண்டே ஓட்டிய டிரைவர், திரும்பி வந்து பட்டறையில் இறங்கியதும் கேட்பது ஒன்றுதான்: "அந்த ஒயர வெட்டி விட்டுருங்க அண்ணாச்சி, சோலி முடிஞ்சிரும்."

வெட்டாதீர்கள். யார் கேட்டாலும் வெட்டாதீர்கள்.

சில வருடங்களுக்கு முன்பு, பாவூர்சத்திரம் சந்தையில் காய்கறி ஏற்றிக்கொண்டு கேரளாவுக்குப் போய்வரும் பிக்கப் ஒன்று என்னிடம் வந்தது. புளியரை மலைப்பாதையில் ஏறும்போது ஒரு வளைவில் இடதுபக்கக் கதவு தானாகத் திறந்துகொண்டதாம். உட்கார்ந்திருந்த கிளீனர் பையன் டேஷ்போர்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டதால் தப்பினான். ஒரு கால் வெளியே போய்விட்டது. நான் கதவைப் பார்த்தேன். சுவிட்சின் கப்ளரை, அதாவது ஒயரை இணைக்கும் பிளக்கைக் கழற்றி, கறுப்பு டேப் சுற்றி, உள்ளே செருகி வைத்திருந்தார்கள். ஒரு மாதத்துக்கு முன்பு விளக்கு அணையவில்லை என்று வேறொரு பட்டறையில் காட்டியபோது அங்கே செய்த வேலை அது. தூணில் இருக்கும் லாக் கொக்கியைப் பிடித்து ஆட்டினேன். ஆடியது. போல்ட் இரண்டும் லூஸ். கதவு பாதி லாக்கில்தான் நின்றிருக்கிறது. அந்த விளக்கு உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது, அதன் வாயை அடைத்துவிட்டார்கள்.

அதனால் வேலைக்கு வரும் தம்பிகளுக்கு நான் முதலில் சொல்லித்தருவது இதுதான். விளக்கு சொல்வது பொய்யா மெய்யா என்று தெரியும்வரை மல்டிமீட்டரைக் கையில் எடுக்கக் கூடாது. முதலில் கதவு. கரண்ட் அப்புறம்.

கையில் என்ன இருக்க வேண்டும்

பெரிய சாமான் எதுவும் வேண்டாம். ஒரு மல்டிமீட்டர், ஸ்க்ரூடிரைவர், 10 எம்எம் ஸ்பேனர், ஸ்டார் பிட் செட், கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே ஒன்று, டபிள்யூடி-40 போன்ற துருநீக்கி ஒன்று, வெள்ளை லித்தியம் கிரீஸ், உப்புத்தாள், பழைய பல் துலக்கும் பிரஷ், டார்ச். 5 ஆம்ப் ஃபியூஸ் ஒன்றை நடுவில் கோத்து ஒரு ஜம்பர் ஒயரும் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டியைச் சமமான தரையில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, டயருக்குக் கட்டை வையுங்கள். பெரிய லாரிகளில் இரண்டு 12 வோல்ட் பேட்டரியைத் தொடராக இணைத்து 24 வோல்ட் வரும். சின்ன பிக்கப் வண்டிகளுக்கு 12 வோல்ட்தான். எது என்று பார்த்து வைத்துக்கொண்டால் பிற்பாடு மீட்டர் காட்டும் எண்ணைப் பார்த்துக் குழம்ப மாட்டீர்கள், தப்பான பல்பையும் வாங்க மாட்டீர்கள்.

இன்னொன்று. கேபினை முன்பக்கம் சாய்த்துத் திறக்கிற லாரிகளில், கேபின் லாக் சரியாக விழவில்லை என்று சொல்லவும் தனியாக ஒரு விளக்கு உண்டு. அதன் படம் முன்னால் சாய்ந்த கேபின் மாதிரி இருக்கும். புதிதாக வருகிறவர்கள் இரண்டையும் ஒன்றென்று நினைத்துக் கதவைக் குடைந்துகொண்டிருப்பார்கள். அந்த விளக்கு எரிந்தால் கதவை விட்டுவிட்டுக் கேபின் லாக்கைப் பாருங்கள். அது சரியாக விழாமல் வண்டியை நகர்த்தவே கூடாது.

அந்த விளக்குக்கு எப்படித் தெரிகிறது

இரண்டு வகை உண்டு. பழைய வண்டிகளிலும் விலை குறைந்த வண்டிகளிலும் கதவுத் தூணில் ஒரு பட்டன் துருத்திக்கொண்டிருக்கும். அதற்குப் பிளஞ்சர் சுவிட்ச் என்று பெயர். கதவு சாத்தும்போது பட்டன் உள்ளே அமுங்கும், இணைப்பு விடும், விளக்கு அணையும். கதவு திறந்தால் பட்டன் வெளியே வரும், ஒயர் பாடி எர்த்தைத் தொடும், விளக்கு எரியும். பெரும்பாலும் ஒரே ஒயர்தான் வந்திருக்கும். சுவிட்சைத் தூணில் பிடித்திருக்கும் ஸ்க்ரூவே எர்த். இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. ஒயர் எங்கேயாவது தோல் உரிந்து தகரத்தில் பட்டாலும், கதவு திறந்தது என்றே விளக்கு நினைத்துக்கொள்ளும்.

இரண்டாவது வகையில் வெளியே பட்டன் எதுவும் தெரியாது. கதவுக்குள் இருக்கும் லாக்கிலேயே சின்ன மைக்ரோ சுவிட்ச் ஒளிந்திருக்கும். பிஎஸ் 6 புகை விதி வந்த காலத்து வண்டிகள் பலவற்றிலும் இதுதான். அதிலிருந்து ஒயர் கதவுக்குள் ஓடி, கதவுக்கும் தூணுக்கும் நடுவில் உள்ள ரப்பர் குழாய் வழியாகக் கேபினுக்குப் போகும்.

பொய்யா மெய்யா

இந்த இடத்தில் நேரம் செலவழிக்கத் தயங்காதீர்கள்.

கதவைச் சாத்தும்போது காதைக் கொடுங்கள். லாக் இரண்டு கட்டமாக விழும். முதல் 'டக்' பாதி லாக், இரண்டாவது 'டக்' முழு லாக். சாத்திய பிறகு கைப்பிடிப் பக்கத்தில் உள்ளங்கையை வைத்து அமுக்கிப் பாருங்கள். அமுக்கும்போது விளக்கு அணைந்து, விட்டதும் எரிந்தால் கதவு முழுதாக உட்காரவில்லை என்று அர்த்தம். ஒரு கடுதாசித் துண்டை ரப்பர் பீடிங்குக்கு நடுவில் வைத்துச் சாத்தி இழுத்துப் பார்ப்பதும் நல்ல வழி. எல்லா இடத்திலும் ஒரே இறுக்கமாக வர வேண்டும். ஓரிடத்தில் மட்டும் வழுக்கிக்கொண்டு வந்தால் அந்தப் பக்கம் கதவு தள்ளி நிற்கிறது.

அடுத்தது, எனக்கு மிகவும் பிடித்த சோதனை. லாக்கிலேயே சுவிட்ச் உள்ள வண்டிக்கு இதைச் செய்யாமல் எந்தக் கதவையும் பிரிக்க மாட்டேன். சாவியை ஆன் செய்து, கதவைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். கதவின் ஓரத்தில் நண்டுக் கொடுக்கு மாதிரி ஒரு வாய் தெரியும். தூணில் உள்ள கொக்கியைக் கவ்விப் பிடிப்பது அதுதான். ஸ்க்ரூடிரைவரை வைத்து அந்தக் கொடுக்கை மூடுகிற திசையில் தள்ளுங்கள். ஒரு 'டக்'. இன்னும் தள்ளுங்கள், இன்னொரு 'டக்'. இப்போது கதவு ஆவென்று திறந்து கிடக்கிறது, ஆனால் லாக்கைப் பொறுத்தவரை மூடியாயிற்று. மீட்டர் போர்டைப் பாருங்கள்.

விளக்கு அணைந்துவிட்டதா? அப்படியானால் சுவிட்ச் நல்லது, ஒயர் நல்லது. கதவுதான் கொக்கியில் ஒழுங்காகப் போய் விழவில்லை. அணையவில்லையா? அப்படியானால் கோளாறு லாக்கிலோ சுவிட்சிலோ ஒயரிலோ இருக்கிறது. ஒரு நிமிட வேலை, தேட வேண்டிய இடத்தைப் பாதியாகக் குறைத்துவிடுகிறது.

சோதனை முடிந்ததும் கைப்பிடியை இழுத்துக் கொடுக்கைத் திரும்பத் திறந்துவிட வேண்டும். மறந்துபோய்க் கதவைச் சாத்தினால், மூடிக் கிடக்கும் கொடுக்கு கொக்கியில் போய் இடிக்கும். லாக் நெளியும், கதவு ஓரமும் நெளியும். கதவைச் சாத்துமுன் கொடுக்கு வாய் திறந்திருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்க்கும் பழக்கத்தை இப்போதே வைத்துக்கொள்ளுங்கள்.

பிளஞ்சர் வகை வண்டியில் இதே சோதனைக்கு விரல் போதும். கதவைத் திறந்து பட்டனை முழுக்க அமுக்குங்கள். அணைந்தால் சுவிட்ச் நல்லது, கதவு அதை எட்டவில்லை.

கதவுதான் காரணம் என்று தெரிந்தால் முதலில் கீலைப் பாருங்கள். கதவைப் பாதி திறந்து, அடிப்பக்கம் கைகொடுத்து மேலே தூக்குங்கள். கீலில் லொடலொடவென்று ஆட்டம் இருந்தால் புஷ், பின் தேய்ந்து கதவு தொங்கிவிட்டது. கதவைப் பிடித்துத் தொங்கி ஏறும் பழக்கம் இருக்கிற வண்டிகளில் டிரைவர் பக்கம் இது சீக்கிரம் வரும். கீல் நல்லதாக இருந்தால் கொக்கி. போல்ட்டை லூஸ் செய்வதற்கு முன் கொக்கியைச் சுற்றி மார்க்கர் பேனாவால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். பிறகு ஒரு எம்எம், ஒன்றரை எம்எம் அளவுக்கு நகர்த்தி இறுக்கி, மெதுவாகச் சாத்திப் பாருங்கள். முழு லாக் விழுந்தும் கதவு பட்டனை எட்டவில்லை என்றால் உள்பக்கம், இரண்டாவது 'டக்' விழவே இல்லை என்றால் வெளிப்பக்கம். ஒரே தடவையில் நிறைய நகர்த்தினால் கதவு சாத்தவே வராது. கோடு இருந்தால் பழைய இடத்துக்குத் திரும்பிப் போய்விடலாம்.

எந்தக் கதவு?

மீட்டர் போர்டில் ஒரே விளக்குதான் இருக்கும், வண்டியிலோ இரண்டு கதவு, இரட்டைக் கேபின் என்றால் நான்கு கதவு. டிரைவர் "இந்தக் கதவுதான் அண்ணாச்சி" என்று உறுதியாகச் சொல்வார். நம்பிவிடாமல் ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். பிளஞ்சர் வண்டியில் ஒரு சுவிட்சின் கப்ளரைக் கழற்றுங்கள். விளக்கு அணைந்ததா? அந்தச் சுவிட்ச்தான். அணையவில்லையா? அதைக் கழற்றியபடியே வைத்து அடுத்ததைக் கழற்றுங்கள். எல்லாச் சுவிட்சையும் கழற்றிய பிறகும் விளக்கு எரிகிறது என்றால், ஒயர் எங்கேயோ பாடியில் உரசி எர்த் ஆகிக்கொண்டிருக்கிறது.

லாக்கில் சுவிட்ச் உள்ள வண்டிகளில் ஒரு எச்சரிக்கை. சிலவற்றில் சுவிட்ச் நேர்மாறாக வேலை செய்யும். கப்ளரைக் கழற்றினால் அணைவதற்குப் பதிலாக விளக்கு எரியும். அதனால் எதையும் ஊகித்துக்கொள்ளாதீர்கள். நன்றாக இருக்கும் எதிர்ப்பக்கக் கதவில் அதே கப்ளரைக் கழற்றி என்ன ஆகிறது என்று பாருங்கள். அதே வண்டி, அதே வருடம், அதே ஒயரிங். அதைவிட நல்ல வழிகாட்டி கிடைக்காது. அந்தக் கதவில் மீட்டர் என்ன காட்டுகிறதோ அதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, கெட்ட கதவுக்கு வாருங்கள்.

பிளஞ்சர் சுவிட்ச்

இது சுலபம். ஸ்க்ரூவைக் கழற்றி வெளியே இழுங்கள். ஒயர் தூணுக்குள் நழுவி விழுந்துவிடாமல் உடனே ஒரு டேப் ஒட்டி வெளியே நிறுத்துங்கள். விழுந்தால் அதை மீன் பிடிப்பது போலக் கம்பி விட்டுப் பிடிக்க அரை மணி நேரம் போய்விடும்.

திசையன்விளை, சாத்தான்குளம் பக்கத்துத் தேரிக்காட்டில் ஓடும் வண்டிகளில் இந்தச் சுவிட்சைக் கழற்றிப் பார்த்திருக்கிறேன். பட்டனுக்கு மேல் உள்ள ரப்பர் தொப்பியை உரித்தால், உள்ளே செம்மண்ணும் பழைய கிரீசும் சேர்ந்து குங்குமத்தைக் குழைத்து அப்பியது மாதிரி இருக்கும். ஸ்பிரிங் சுருளுக்குள் எல்லாம் அதுதான். பட்டன் உள்ளே போனால் வெளியே வராது, வெளியே நின்றால் முழுதாக உள்ளே போகாது. ஆனி, ஆடிக் காற்றில் அந்த மண் எங்கேதான் நுழையாது? கான்டாக்ட் கிளீனர் அடித்து, பிரஷ்ஷால் தேய்த்து, பத்து இருபது முறை அமுக்கி விட்டால் முக்கால்வாசி சுவிட்சுகள் உயிர் பெற்றுவிடும். ரப்பர் தொப்பி கிழிந்திருந்தால் சுவிட்சையே மாற்றிவிடுங்கள். விலை குறைந்த சாமான். கிழிந்த தொப்பியோடு சுத்தம் செய்து போட்டால் மறுபடியும் அதே பழுதோடு வந்து நிற்கும்.

மீட்டரைக் கன்டினியூட்டியில் வைத்துச் சோதியுங்கள். பட்டன் வெளியே இருக்கும்போது ஒயர் முனைக்கும் சுவிட்சின் தகரத்துக்கும் நடுவே பீப் அடிக்க வேண்டும், மின்தடை ஒரு ஓமுக்குக் கீழே இருக்க வேண்டும். அமுக்கினால் சத்தம் நிற்க வேண்டும். மாட்டுவதற்கு முன் ஸ்க்ரூ உட்காரும் இடத்தை உப்புத்தாளால் பளபளவென்று தேயுங்கள்.

கதவு திறந்தும் விளக்கே எரியவில்லை என்கிற எதிர் வகைப் பழுதுக்கு இந்த எர்த்தே பெரும்பாலும் காரணம். அதை உறுதி செய்ய அந்த ஒற்றை ஒயரை 5 ஆம்ப் ஜம்பர் வழியாகச் சுத்தமான பாடியில் தொடுங்கள். எரிந்தால் சுவிட்சோ எர்த்தோ போய்விட்டது. எரியாவிட்டால் ஒயர், பல்பு, ஃபியூஸ் என்ற வரிசையில் தேடுங்கள்.

லாக்குக்குள் இருக்கும் சுவிட்ச்

இங்கேதான் வாடிக்கையாளரின் காசு வீணாகப் போகிறது. "சுவிட்ச் தனியா கிடைக்காது, லாக் செட்டோட மாத்தணும்" என்று சொல்லிவிடுவது சுலபம். பல வண்டிகளில் சுவிட்ச் தனியாகக் கிடைக்காது என்பது உண்மைதான். ஆனால் அழுக்கு ஏறிய லாக்கும் கெட்டுப்போன லாக்கும் ஒன்றல்ல.

நம் பக்கத்தில் என்னென்ன லோடு ஓடுகிறது என்று யோசித்துப் பாருங்கள். தாழையூத்துப் பக்கம் சிமென்ட். ராதாபுரம் பக்கம் கல்லும் எம்-சாண்டும். தூத்துக்குடியில் உப்பு. ஒவ்வொன்றும் லாக்கை ஒவ்வொரு விதமாகக் கெடுக்கும். சிமென்ட் தூளோடு மழைத்தண்ணீர் சேர்ந்தால் கொடுக்கின் இடுக்கில் கல்லாகவே இறுகிவிடும். எம்-சாண்ட் தூள் பழைய கிரீசில் ஒட்டி அரைத்துத் தேய்க்கும். உப்பு ஏற்றும் வண்டியில் வெளியே பார்க்க எல்லாம் நன்றாக இருக்கும், கப்ளரைத் திறந்தால் பின் எல்லாம் பச்சைக் களிம்பு பிடித்திருக்கும்.

அதனால் பிரிப்பதற்கு முன் கழுவுங்கள். கதவைத் திறந்து, கொடுக்குக்கு அடியில் ஒரு பழந்துணியைப் பிடித்துக்கொண்டு, துருநீக்கியை அதன் குழாய் முனையால் உள்ளே தாராளமாக அடியுங்கள். பத்து நிமிடம் ஊற விடுங்கள். ஸ்க்ரூடிரைவரால் கொடுக்கை மூடுங்கள், கைப்பிடியால் திறங்கள். இருபது, முப்பது முறை. முதலில் கறுப்பாக ஒழுகும், அப்புறம் சாம்பல் நிறம். தெளிவாக ஒழுகும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். சிமென்ட் லாரி ஒன்றில் இப்படிச் செய்தபோது, எட்டாவது பத்தாவது முறை கொடுக்கு மூடும் சத்தமே மாறியது. முதலில் 'பொத்' என்று அமுங்கிக் கேட்டது, பிறகு 'டக்' என்று தெளிவாக விழுந்தது. உள்ளே ஏறிப் பார்த்தால் விளக்கு அணைந்திருந்தது. லாக் கழற்றவே இல்லை.

கழுவியதோடு நிறுத்தினால் ஒரு மாதத்தில் மறுபடி வரும். துருநீக்கி அழுக்கை எடுக்கும், ஆனால் நீண்ட நாள் வழுக்கலுக்கு அது போதாது. காய்ந்த பிறகு கொடுக்கிலும் கொக்கியிலும் வெள்ளை லித்தியம் கிரீஸ் மெல்லிசாகப் பூசுங்கள். வீல் பேரிங் கிரீசை அப்பாதீர்கள், கழிவு ஆயிலையும் ஊற்றாதீர்கள், தூசியை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். பெட்ரோல் ஊற்றிக் கழுவுவதைச் சில இடங்களில் பார்த்திருக்கிறேன். சாவி ஆனில் இருக்க, பக்கத்திலேயே கான்டாக்ட் பொறி விட, பெட்ரோல் வேண்டவே வேண்டாம்.

கழுவியும் அணையவில்லை என்றால்தான் பிரிக்க வேண்டும். கண்ணாடியை மேலே முழுக்க ஏற்றிவிட்டுப் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். கைப்பிடி, ஆர்ம்ரெஸ்ட்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ஸ்க்ரூக்களைத் தேடி எடுத்த பிறகே டோர் பேனலை இழுங்கள். கிளிப்புக்குப் பக்கத்திலேயே நெம்ப வேண்டும், நடுவில் பிடித்து இழுத்தால் பேனல் உடையும். உள்ளே ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். அதைக் கிழிக்காமல் ஓரமாக உரியுங்கள், திரும்ப ஒட்டியே ஆக வேண்டும். கண்ணாடி வழியாக இறங்கும் மழைத்தண்ணீர் கேபினுக்குள் வராமல் தடுப்பது அதுதான்.

அந்தத் தண்ணீர் வெளியேறக் கதவின் அடியில் ஓட்டைகள் உண்டு. இதைப் பலரும் பார்ப்பதே இல்லை. தூசியால் அடைத்துக்கொண்டால் கதவுக்குள் தண்ணீர் நின்று, லாக்கும் கப்ளரும் ஈரத்திலேயே கிடக்கும். ஒரு கம்பியால் குத்தி விடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன் எந்த வண்டி வந்தாலும் நான் இதைச் செய்துவிடுவேன், காசு கேட்பதில்லை.

இப்போது கப்ளரைக் கழற்றி, சுவிட்ச் பக்கத்துப் பின்களில் மீட்டரை வையுங்கள். கொடுக்கைத் திறந்தும் மூடியும் பாருங்கள். ஒரு நிலையில் ஒரு ஓமுக்குக் கீழே, மறு நிலையில் இணைப்பே இல்லை என்று காட்ட வேண்டும். எதிர்க்கதவில் எழுதி வைத்த கணக்கோடு ஒப்பிடுங்கள். எந்த நிலையிலும் மாறவில்லை என்றாலோ, இருபது முப்பது ஓம் என்று தடுமாறினாலோ சுவிட்ச் போய்விட்டது. இப்போது லாக் செட் மாற்றச் சொல்லலாம், மனசாட்சியோடு சொல்லலாம்.

ரப்பர் குழாய்க்குள் அறுந்த ஒயர்

சுவிட்ச் நல்லது, ஆனால் கதவை ஆட்டினால் விளக்கு மின்னி மின்னி எரிகிறதா? கதவுக்கும் தூணுக்கும் நடுவில் உள்ள ரப்பர் குழாயைப் பின்னால் தள்ளிப் பாருங்கள். நகர டெலிவரி வண்டியில் கதவு ஒரு நாளைக்கு எத்தனை முறை திறக்கிறது! ஒவ்வொரு முறையும் அந்த ஒயர்கள் மடங்கி நிமிர்கின்றன. வெளித்தோல் அப்படியே இருக்க, உள்ளே செம்பு மட்டும் அறுந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொரு ஒயராகப் பிடித்து மெதுவாக இழுங்கள். ரப்பர் நாடா மாதிரி நீண்டு கொடுக்கிற ஒயர்தான் அறுந்தது.

சேர்க்கும்போது அவசரம் கூடாது. வெறுமனே முறுக்கி டேப் சுற்றினால் நம் வெயிலில் பசை உருகி டேப் கழன்றுவிடும். அதே தடிமன் உள்ள புது ஒயரை, குழாயின் இரண்டு பக்கமும் தாண்டிப் போகிற நீளத்துக்கு வெட்டி, மடிகிற இடத்தில் இணைப்பே வராத மாதிரிச் சேருங்கள். சால்டர் வைத்து, சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடுங்கள். நான்கைந்து ஒயர் என்றால் இணைப்புகளை ஒரே இடத்தில் குவிக்காமல் தள்ளித் தள்ளிப் போடுங்கள். கதவை முழுக்கத் திறந்தால் ஒயர் இழுபடாத அளவுக்குத் தளர்ச்சியும் வேண்டும்.

நெல் குடோன் பக்கம் நிற்கும் வண்டியானால் எலியையும் மறக்காதீர்கள். கதவு ஒயர் தூணிலிருந்து இறங்கித் தரைவிரிப்புக்கு அடியில் ஓடும் இடத்தில் கடித்து வைத்திருக்கும்.

வெள்ளத்தில் நின்ற வண்டி

2023 டிசம்பர் 17, 18இல் பெய்த மழையை இந்த ஊரில் யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. தாமிரபரணி கரை தாண்டியது. தண்ணீரில் நின்ற வண்டிகள் அடுத்த வாரமே ஸ்டார்ட் ஆகி ஓடின. ஆனால் மாதங்கள் கழித்து ஒவ்வொன்றாகச் சின்னச் சின்னப் பழுதோடு வந்தன. கதவு விளக்கு அதில் ஒன்று. பழைய வண்டி வாங்கி வந்தவர் இந்தப் பழுதோடு வந்தால், டிரைவர் சீட்டுக்கு அடியில் விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். வண்டல் கோடு தெரிந்தால் ஒரு சுவிட்சோடு வேலை முடியாது. தூணின் அடியில் இருக்கும் கப்ளர், எர்த் போல்ட் எல்லாவற்றையும் திறந்து, கான்டாக்ட் கிளீனர் அடித்து, களிம்பைப் பிரஷ்ஷால் எடுக்க வேண்டும். வேலை தொடங்கும்முன்பே இதை உரிமையாளரிடம் சொல்லிவிடுங்கள்.

கன்ட்ரோல் யூனிட் உள்ள புது வண்டிகளுக்கு ஒரே ஒரு வார்த்தை. கதவு சுவிட்ச் ஒயரில் பல்பு வைத்த டெஸ்ட் லேம்பைக் குத்தாதீர்கள், பேட்டரி பாசிட்டிவைத் தொடவே தொடாதீர்கள். மல்டிமீட்டர் மட்டும். ஸ்கேனர் இருந்தால் எந்தக் கதவு திறந்ததாக யூனிட் நினைக்கிறது என்று நேரடியாகவே காட்டும்.

விட்டுக் கொடுக்கும் முன்

பேனலை மாட்டுவதற்கு முன்பே பேட்டரியை இணைத்து எல்லாக் கதவையும் சோதியுங்கள். ரூம் லைட்டை 'டோர்' நிலையில் வைத்து, சாத்தினால் அணைகிறதா என்று பாருங்கள். கதவு விளக்கோடு ரூம் லைட்டும் எரிந்துகொண்டே இருந்தால் பேட்டரியைக் குடித்துவிடும். 12 வோல்ட் வண்டியில் 10 வாட் பல்பு மணிக்கு 0.8 ஆம்பியர்-மணிக்கு மேல் எடுக்கும். 60 ஆம்பியர்-மணிப் பேட்டரி மூன்று நாளில் காலி. பொங்கலுக்கு ஊருக்குப் போன டிரைவர் திரும்பி வந்து வண்டியைத் தள்ளும்போது பேட்டரிக் கடையைத்தான் திட்டுவார். முடிந்தால் ஒரு ராத்திரி வண்டியை நிறுத்தி, காலையில் வோல்டேஜ் பாருங்கள். நல்ல 12 வோல்ட் பேட்டரி என்றால் 12.6 அளவில் நிற்க வேண்டும்.

அப்புறம் வண்டியை மேடு பள்ளம் உள்ள ரோட்டில் ஒரு ஓட்டு ஓட்டிப் பாருங்கள். வேகத்தடையில் மின்னினால் ஒயரையும் கொக்கியையும் மறுபடி பார்க்க வேண்டும்.

கடைசியாக, கதவை நீங்கள் சாத்திக் காட்டாதீர்கள். டிரைவரைச் சீட்டில் ஏற்றி, அவர் கையாலேயே சாத்தச் சொல்லுங்கள். நாம் வெளியே நின்று கைப்பிடியைப் பிடித்துத் தள்ளுவோம், அவர் உள்ளே உட்கார்ந்து ஆர்ம்ரெஸ்ட்டைப் பிடித்து இழுப்பார். இரண்டு விசையும் ஒன்றல்ல. ஒருமுறை, நான் சாத்திய நான்கு தடவையும் அணைந்த விளக்கு, டிரைவர் சாத்தியபோது அணையாமல் எரிந்தது. "நான் நல்லாதான் சாத்துதேன் அண்ணாச்சி" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. கொக்கியை இன்னும் அரை எம்எம் வெளியே தள்ளிக் கொடுத்தேன், அவர் வழக்கமாக இழுக்கும் இழுப்புக்கே இரண்டாவது 'டக்' விழுந்தது.